ஒற்றை மைக்கைச் சுற்றி

என் அன்பு மகன் நிரோ,

நான் சுகமாக இருக்கிறேன். உன் சுகத்தை விசாரித்து இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. அதை நேற்றே போனில் கேட்டுவிட்டேன். "அம்மா, நான் எங்கட மியூசிக் பாண்டை மூடப்போறன்" என்றாய். அதுவும் தமிழில். நான் தமிழில் கேட்க, நீ டேனிஷில் பதில் சொல்ல, அப்படித்தான் இத்தனை வருடமும் நம் வீட்டில் பேச்சு ஓடுகிறது. நீயாகத் தமிழில் வாய் திறந்தால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும். புதுக் காரைக் கொண்டுபோய் மரத்தில் இடித்ததையும் தமிழில்தான் சொன்னாய். நான் வேலைக்கு வெளிக்கிட்டு, ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு நின்றேன். "பிறகு கதைப்பம் தம்பி" என்று வைத்துவிட்டேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். போனில் கதைத்தால் நான் ஒரு வசனத்தை முடிக்குமுன் நீ "யா, யா" என்று அதன் தலையில் குட்டிவிடுவாய். கடிதம் என்றால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததை வைத்து எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், அவசரப்பட முடியாது. இதை நம் தமிழ்ச் சங்க மலருக்கும் கொடுக்கப்போகிறேன். ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மலர் வெளிவருவதற்குள் உங்களை வாசிக்கக் கூப்பிட்டிருக்கிற ஸ்கீவ ஊர்க் கோடை விழா முடிந்திருக்கும், ஆகவே நீ கூச்சப்பட ஒன்றுமில்லை.

மலரை வாசிக்கப்போகிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்லுவேன், பொறுத்துக்கொள். நீ விபோர்க்கில் அலுவலக வேலை பார்க்கிறாய். வார இறுதிகளில் புளூகிராஸ் வாசிக்கிறாய். அது அமெரிக்காவின் மலைப்பக்கத்து இசை. பான்ஜோ, கிட்டார், வயலின், ஆளுயர பேஸ், அவ்வளவுதான், மேளம் கிடையாது. உங்கள் பாண்டுக்கு மோஸவை என்று பெயர். முதன்முதல் பாடிப் பழகிய வீடு இருந்த தெருவின் பெயர் அது. அந்தப் பாண்டில் தொடக்கத்திலிருந்து பாடியவள் மெட்டே. இந்தக் குளிர்காலத்தில் அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டிக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. குரல் போகவும் கூடும் என்று முன்கூட்டியே அவளுக்குச் சொல்லித்தான் இருந்தார்கள். கட்டி போய்விட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை. பேச்சு ரகசியம் சொல்வது போலத் திரும்பி வந்தது. பாட்டு வரவில்லை. உன்னைப் பாடச் சொல்லி, பான்ஜோவும் பேஸும் வாசிக்கிற மற்ற இருவரும் கேட்கிறார்கள். நீ மாட்டேன் என்கிறாய். ஸ்கீவ விழாக்காரருக்கு இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

நீ ஜிம்னாசியத்தில், அதாவது இங்கத்தைய மேல்நிலைப் பள்ளியில், படித்துக்கொண்டிருந்தபோதுதான் மெட்டேயும் யெஸ்பரும் உன்னைப் பிடித்தார்கள். அவள் கிட்டார், அவன் பான்ஜோ, பேஸுக்கு இன்னொருவன். வயலின்காரன் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, எங்கள் ஆட்களின் கலைவிழாவில் கீர்த்தனை வாசிக்கிற ஒரு பெடியன் வகுப்பிலேயே இருப்பது தெரியவந்தது. முதல் நிகழ்ச்சி ஊர்ப் பொதுமண்டபத்தில். நானும் அப்பாவும் முன்வரிசையில் இருந்தோம். அவர்களுடைய வழக்கப்படி மேடை நடுவில் ஒரேயொரு மைக். எல்லோரும் அதைச் சுற்றி நிற்பார்கள். பாடுகிறவர் கிட்டப் போவார், மற்றவர் பின்வாங்குவார். பான்ஜோவின் முறை வந்தால் பான்ஜோ முன்னே வரும். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் காலால்தான். இதெல்லாம் உனக்கு யார் சொன்னது? நீ மேடைக்கு வந்தாய், செருப்பைக் கழற்றினாய், மேடையைத் தொட்டுக் கும்பிட்டாய், சம்மணம் போட்டு இருந்து, வயலினின் தலையைக் குதிக்காலில் ஊன்றினாய். பதின்மூன்று பிள்ளைகளோடு கர்நாடக வயலின் வகுப்பில் எப்படிப் பழகினாயோ அப்படியே. மைக் உன் தலைக்கு மேலே கொக்கு மாதிரி நின்றது. ஒரு பாட்டு முழுக்க நீ வியர்த்து வியர்த்து வாசித்தாய், எங்களுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. அப்பா என் காதில், "பெடியன் நல்லாத்தான் வாசிக்கிறான் போல, வாயைப் பாக்கத் தெரியுது" என்றார்.

மெட்டே அப்போது செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன்னை எழும்பச் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும் மண்டபத்துக் குசினிக்குள் போய், வெறும் பியர்ப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யெஸ்பரும் சேர்ந்து அடுக்கினான். மேலே ஒரு மேசைவிரிப்பைப் போட்டு உன்னை ஏற்றி இருத்தினார்கள். சாமியைத் தேரில் ஏற்றியது போல நீ மைக்குக்கு நேரே வந்துவிட்டாய். உன்னால் நகர முடியாது என்பதால் மற்ற மூன்று பேரும் உன்னைச் சுற்றி நகர்ந்தார்கள். சனம் கைதட்டிய தட்டில் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொன்னார். ஒரு வருடம் வரை அந்தப் பெட்டிகள் உங்களோடு ஊர் ஊராகப் போயின. பிறகு நீயாகவே நின்று வாசிக்கப் பழகினாய். யாரும் உன்னை அவசரப்படுத்தவில்லை.

லைசென்ஸ் எடுக்கிற வயது உங்களுக்கு வரும்வரை சாரதி நான்தான். எங்கள் ஊர் கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸை நம்பி யார் பாண்ட் நடத்துவது? பழைய ஸ்டேஷன் வாகனின் பின்சீற்றை மடித்து பேஸைப் படுக்கவைத்தால் அதன் கழுத்து முன்னுக்கு வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கும். கியர் மாற்றும்போதெல்லாம் அது என் காதில் மெதுவாக ம்ம் என்று சொல்லும். அந்த பேஸ் பாண்டுக்குப் பொதுச் சொத்து, வைத்திருக்க இடம் இல்லாமல் எங்கள் கராஜுக்கு வந்தது. வாசிக்கிற ஆள்தான் நிலைக்கவில்லை. ஒருவன் படிக்கப் போனான், ஒருவனுக்குக் காதலி வேண்டாம் என்றாள், ஒருவன் ஏன் போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எடுக்க வந்தவனுக்கும் சோறு கொடுத்தேன், திருப்பி வைக்க வந்தவனுக்கும் சோறு கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் நீ, "இதோட சரி, இனி ஏலாது" என்பாய். அடுத்த மாதம் இன்னொருவன் கராஜ் வாசலில் நிற்பான்.

அப்பாவுக்கு அந்தப் பாட்டுகளைப் பற்றி ஒரு முறைப்பாடு இருந்தது. "இவங்கட பாட்டில ஒருத்தரும் உயிரோட வீடு திரும்பினதில்லை. ஒண்டு ஆத்தில விழுவான், இல்லாட்டி கொலை செய்துபோட்டு மறியலுக்குப் போவான். அதுக்குப் பிறகு என்னெண்டு காலால தாளம் போடுறாங்கள்?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே அவருடைய காலும் தாளம் போடும். மெட்டே எழுதிய ரயில் பாட்டு மட்டும் அவருக்கு உயிர். தண்டவாளம் பிடுங்கிய ஊரில், ஸ்டேஷன் இருந்த இடத்தில் ஒருத்தன் பெட்டியோடு காத்துநிற்கிற பாட்டு. "ரெயிலே இல்லை, இவன் ஏன் நிக்கிறான், பஸ்ஸில போகச் சொல்லு" என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஸ்ஸும் இல்லைத்தானே" என்பார்.

பிறகு யெஸ்பர் போனான். கடலுக்குள் காற்றாலை பூட்டுகிற வேலை கிடைத்து எஸ்பியோ துறைமுகப் பக்கம் போய்விட்டான். நீ ஒரு கிழமை சாப்பாட்டு மேசையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாய். அவன் இடத்துக்குக் காஸ்பர் வந்தான். இசைக் கல்லூரியில் படித்தவன், கெட்டிக்காரன், அதில் மறுபேச்சு இல்லை. அவன் வந்ததும் ஆளுக்கொரு மைக் வந்தது, கால் நகர்த்துகிற வேலை போய்விட்டது. உன் வயலினில் சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கி இறங்குகிற அந்தக் கமகத்தையும் நேராக்கச் சொன்னான். நீயும் நேராக்கினாய். நிகழ்ச்சிகள் கூடின, பத்திரிகையில் படம் வந்தது, எல்லாம் மணிக்கூடு போல ஓடியது. எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டாய். "வடிவா இருக்கு தம்பி, கடையில விக்கிற இடியப்பம் மாதிரி" என்றேன். நீ இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த வருடம் காஸ்பர் அப்போதைய பேஸ்காரனையும் கூட்டிக்கொண்டு பெரிய பாண்ட் ஒன்றுக்குப் போனான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வளர்கிறவன் போகத்தான் போவான். மிச்சம் நின்றது நீயும் மெட்டேயும். அன்றைக்கு நீ பாண்டை மூடவில்லை. அவள் பழைய மைக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேருமாக எங்கள் கராஜில், பேஸ் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ரயில் பாட்டைப் பாடினீர்கள். கமகம் திரும்பி வந்திருந்தது. நான் உள்ளே கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் கண்ணீருக்கு வெங்காயம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன், அப்பாவுக்குத் தூசி போல.

அதற்கு அடுத்த இலையுதிர்காலம் அப்பா போனார். மார்பைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலையில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், அவ்வளவுதான். இதைப் பற்றி நாம் இருவரும் அதிகம் கதைத்ததில்லை, இப்போதும் நீட்டப்போவதில்லை. எரிக்கிறதுக்கு முன் அந்தச் சின்னத் தேவாலய மண்டபத்தில் தேவாரம் பாடி முடிந்ததும் மெட்டே எழும்பி வந்தாள். யெஸ்பரும் கடலில் இருந்து லீவு எடுத்து வந்திருந்தான். நீ வயலினைக் கொண்டுவந்திருந்தாய், ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. என் பக்கத்தில் கல்லுப் போல இருந்தாய். அங்கே மைக் இல்லை. ஆனாலும் அவர்கள் மைக் இருப்பது போலவே வட்டமாக நின்று, நீ நிற்கிற இடத்தை வெறுமையாக விட்டு, ரயில் பாட்டைத் தொடங்கினார்கள். உன் வயலின் வரவேண்டிய இடம் வந்தபோது அவர்கள் வாசிப்பை நிறுத்தவும் இல்லை, வேறு யாரும் அதை நிரப்பவும் இல்லை. தாளம் மட்டும் போனது. அடுத்த முறையும் அப்படியே. கடைசி அடிக்கு நீ எழும்பிப் போனாய். வயலின் இல்லாமல், வெறுங்கையோடு போய், மெட்டேயின் குரலுக்கு மேலே உன் குரலை வைத்தாய். உன் அப்பாவை நான் அப்போதுதான் அழுது அனுப்பினேன். அதுவரை கண்ணீர் வரவில்லை.

அதன் பிறகுதான் பான்ஜோவோடு சீனெ வந்தாள், பேஸுக்கு ஊலெ வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூத்தவர். பேஸைத் தூக்க வருகிறபோது நான்தான் அவரைத் தாங்கவேண்டும். முதல் நாள் சீனெ, யெஸ்பர் வாசித்ததைப் பதிவில் கேட்டு அப்படியே அச்சடித்தது போல வாசித்தாள். கராஜ் கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. மெட்டே பாட்டை நிறுத்தி, யெஸ்பர் எஸ்பியோவில் இருக்கிறான், அவனைக் கேட்கவேண்டும் என்றால் அங்கே போய்க் கேட்போம், நீ உன்னுடையதை வாசி என்றாள். அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்ததை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். நீ தலையை ஆட்டி ஆமோதித்தாய். அதே தலை இப்போது ஏன் மற்றப் பக்கம் ஆடுகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

"மெட்டே இல்லாட்டி அது மோஸவை இல்லை. நான் பக்கத்தில பாடுறவன், அம்மா. என்ர குரல் பக்கத்துக் குரல்" என்று நேற்றுச் சொன்னாய். உன் அப்பாவும் உன்னைப் பக்கவாத்தியக்காரன் என்றுதான் சொல்லுவார், பெருமையாகத்தான் சொல்லுவார். பக்கத்தில் நிற்பது உனக்குப் பிடிக்கும். சின்னப் பிள்ளையிலும் படத்துக்கு நிற்கச் சொன்னால் ஓரத்துக்குப் போவாய். முன்னுக்கு வா என்று உன்னை நான் இழுக்கப்போவதில்லை. ஆனால் உங்கள் மேடையில் முன், பக்கம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இத்தனை வருடம் முன்வரிசையில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன். முறை வந்தால் கிட்டப் போவீர்கள், முடிந்தால் விலகுவீர்கள். இப்போது முறை உன்னிடம் வந்திருக்கிறது, நீ காலை எடுத்து வைக்கவில்லை. பயமாக இருந்தால் பயம் என்று சொல்லு. அதை மெட்டே மேல் உள்ள மரியாதை என்று சொல்லாதே.

என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். நான் இந்த முதியோர் இல்லத்தில் சேர்ந்தபோது, எனக்கு முன் கியஸ்டன் என்ற பெண் அங்கே வேலை செய்துவிட்டுப் போயிருந்தாள். முதியவர்களுக்கு அவள் மேல் அப்படி ஒரு பாசம். நான் தலை சீவினால் கியஸ்டன் இப்படிச் சீவமாட்டாள் என்பார்கள், கோப்பி ஊற்றினால் கியஸ்டன் பாலை முதலில் ஊற்றுவாள் என்பார்கள். ஒரு அம்மா என்னைக் கியஸ்டன் என்றே கூப்பிட்டார். என் நிறத்தையும் முடியையும் பார்த்துவிட்டு எப்படிக் கூப்பிட மனம் வந்ததோ! நானும் ஓம் என்று போவேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புறுபுறுப்பேன். ஒருநாள் அந்த அம்மாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்த்து, உன் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகும் கியஸ்டனைப் பற்றிக் கதைத்தார், என்னிடம்தான் கதைத்தார். நான் அவளுடைய பெயருக்கு எழும்பிப் போகாமல் விட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு நகம் வளர்ந்திருக்கும், வேறு ஒன்றும் நடந்திருக்காது.

இனி உனக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மெட்டே இங்கே வந்தாள். நான் எப்போதோ கறி கொடுத்துவிட்ட டப்பாவைத் திருப்பித் தருகிற சாட்டில் வந்தாள். புட்டும் முட்டைப் பொரியலும் செய்தேன். அவள் கதைக்கிறது கேட்கவேண்டும் என்றால் குசினி விசிறியை நிறுத்தவேண்டியிருந்தது, புகையோடு கதைத்தோம். அவள் அழவில்லை. நாய்க்குட்டி வாங்கியதைச் சொன்னாள், வேலைக்குத் திரும்பியதைச் சொன்னாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆன்ரி, ரயில் பாட்டு முன்னால் இருந்து கேட்க எப்படி இருக்கும்?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் மெதுவாக விளக்கினாள். வட்டத்துக்குள் நிற்கிறவருக்குத் தன் குரலும் பக்கத்தில் நிற்கிறவரின் குரலும்தான் கேட்குமாம். பதிவில் கேட்டால் அது வேறாம். இத்தனை வருடம் பாடியும், அந்தப் பாட்டு மேடையிலிருந்து புறப்பட்டுச் சனத்திடம் வந்து சேருகிறபோது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதாம். "நீங்கள்தான் எப்போதும் அங்கே இருந்தீர்கள். எனக்கு ஒருமுறை உங்கள் பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும். நிரோ பாடவேண்டும். வேறு ஆள் வேண்டாம். என் குரலுக்குப் பக்கத்திலேயே நின்ற குரல் அது" என்றாள். நீ பரிதாபப்பட்டுப் பாடக்கூடாது, அதனால் உன்னிடம் சொல்லவேண்டாம் என்று என் கையைப் பிடித்து வாக்கும் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆனால் வாயால் ஓம் என்று சொல்லவில்லை, ஆகவே சொல்லுகிறேன். நீ பரிதாபத்துக்குப் பாடினாலும் எனக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் அடிக்கு வந்ததும் பரிதாபம் எல்லாம் மறந்துபோகும், உன்னை எனக்குத் தெரியும்.

அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லப் பார்த்தேன். டேனிஷில் தேடினேன், தமிழில் தேடினேன். நல்லா இருக்கும் என்றேன். வடிவா இருக்கும் என்றேன். அவள் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழும்பிப்போய் அவளுக்கு இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தேன்.

ஸ்கீவ விழாவன்று நான் லீவு எடுத்துவிட்டேன். ஊலெயும் நானுமாக பேஸைக் கொண்டுவருகிறோம். விழாவில் கதிரை தட்டுப்பாடாக இருக்கும் என்று சீனெ சொன்னாள், அதனால் கராஜில் இருந்து மடக்குக் கதிரை இரண்டையும் காரில் ஏற்றி வைத்திருக்கிறேன். அப்பாவும் நானும் கொண்டுபோகிற அதே இரண்டுதான். ஒன்றில் நான் இருப்பேன், அப்பாவின் கதிரையில் மெட்டே இருப்பாள். என்னால் சொல்ல முடியாமல் போனதை நீ அவளுக்குப் பாடிக் காட்டு.

அம்மா